சந்திரா தொலைநோக்கிக்கு நிதி குறைவது ஏன்? நாசாவின் முன்னுரிமைகள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: கரிசல்காட்டான்

அனைவருக்கும் வணக்கம். நான் வானியல் படித்தவன் அல்லன். கணக்குத் துறையில் வேலை பார்ப்பவன். ஆகவே என் கேள்வி வானத்தைப் பற்றியது என்பதைவிட, அதைப் பார்ப்பதற்கு ஆகும் செலவைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983 இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி, 1999 ஜூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தில் ஏற்றிச் செல்லப்பட்டது. ஐந்து ஆண்டுகள் இயங்கினால் போதும் என்று வடிவமைக்கப்பட்ட அது, கால் நூற்றாண்டைக் கடந்தும் இயங்கி வருகிறது. 2022 இல் நாசா, இயக்கத்தில் உள்ள தன் வானியல் தொலைநோக்கிகளை வல்லுநர்களைக் கொண்டு மதிப்பிட்டபோது, ஹபிளும் சந்திராவும் முதல் நிலையில் வைக்கப்பட்டன. இத்தனை நற்பெயர் பெற்ற ஒன்றை இயக்க 2023 நிதியாண்டில் 6.83 கோடி டாலர் ஒதுக்கப்பட்டிருந்தது. 2024 மார்ச்சில் வெளியான 2025 நிதியாண்டுக்கான அதிபரின் வரவுசெலவு முன்மொழிவோ, அதை 4.11 கோடியாகவும், அடுத்த ஆண்டில் 2.66 கோடியாகவும், படிப்படியாகக் குறைத்து 2029 இல் வெறும் 52 லட்சமாகவும் ஆக்கிவிட வேண்டும் என்றது.

இன்னொரு பக்கம், நிலவுக்கு மனிதரை அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தில் எஸ்.எல்.எஸ் ராக்கெட்டும் ஓரியன் கலமும் சேர்ந்து ஏவப்படும் முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே 2022 இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் தெரிவித்திருக்கிறார். நான் வகுத்துப் பார்த்தேன். ஒரு பயணத்தின் செலவில் சந்திராவை அறுபது ஆண்டுகள் இயக்கலாம்.

கிணறு வெட்டப் பெருந்தொகை செலவிட்டுவிட்டு, நீர் இறைக்கக் கயிறு வாங்கக் காசில்லை என்பது போல் இது எனக்குத் தோன்றுகிறது. உண்மையில் நடப்பது என்ன? ஆர்ட்டெமிஸ் இல்லாவிட்டால் அந்தப் பணம் வானியலுக்கு வந்துவிடுமா? வானியலாளர்களின் முறையீடு, எந்தத் துறையினரும் தம் பங்குக்காக எழுப்பும் வழக்கமான குரல்தானா, அல்லது அதில் தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதேனும் இருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1: ஏட்டுக்கணக்கு

ஐயா, தங்கள் வகுத்தல் சரியானது. ஆனால் அதிலிருந்து எழும் எதிர்பார்ப்பு சரியானதன்று. ஆர்ட்டெமிஸ் நாளையே நிறுத்தப்பட்டாலும் அந்தப் பணம் சந்திராவைத் தேடி வராது.

அமெரிக்கக் காங்கிரஸ் நாசாவுக்கு ஒரே பையில் பணம் தருவதில்லை. அறிவியல், மனித விண்வெளி ஆய்வு, விண்வெளி இயக்கங்கள், வானூர்தியியல் எனத் தனித்தனித் தலைப்புகளில் ஒதுக்குகிறது. ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமை நாசாவின் தலைவருக்கு மிகக் குறைவு. இந்தத் தலைப்புகள் அனைத்தையும் தீர்மானிக்கும் துணைக்குழுவே நீதித்துறை, வணிகத்துறை, தேசிய அறிவியல் அறக்கட்டளை ஆகியவற்றுக்கும் பங்கு பிரிக்கிறது. எனவே ஆர்ட்டெமிஸில் மிச்சமாகும் தொகை சிறைச்சாலை நிர்வாகத்துக்கோ வானிலைச் செயற்கைக்கோளுக்கோ போகலாம். மேலும் எஸ்.எல்.எஸ் ராக்கெட்டுக்குக் காங்கிரஸில் இருக்கும் ஆதரவு, நிலவின் மீதுள்ள காதலால் மட்டும் வந்ததன்று. விண்ணோடக் காலத்திலிருந்து அலபாமா, புளோரிடா, லூசியானா போன்ற மாநிலங்களில் நிலைபெற்ற வேலைவாய்ப்புகளே அதன் அடித்தளம். சந்திராவை இயக்குவோரோ மசாசூசெட்ஸில் ஒரு சிறிய மையத்தில் இருக்கிறார்கள்.

இனி, அறிவியல் தலைப்புக்குள் நடந்ததைப் பார்ப்போம், ஏனெனில் தங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது. 2023 இல் அமெரிக்க அரசின் கடன் வரம்பை உயர்த்துவதற்காகச் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு, அடுத்த இரண்டு நிதியாண்டுகளுக்கு ஆண்டுதோறும் காங்கிரஸ் முடிவு செய்யும் அரசின் விருப்பச் செலவுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. அதன் விளைவாக நாசாவின் அறிவியல் ஒதுக்கீடு 2023 இல் இருந்த 779.5 கோடி டாலரிலிருந்து 2024 இல் 733.4 கோடியாகக் குறைந்தது; விலைவாசி உயர்வையும் சேர்த்தால் சரிவு இதைவிடப் பெரிது. வானியற்பியல் பிரிவுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கோடி. அதற்குள் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை இயக்க ஆண்டுக்கு 18.7 கோடி வேண்டும், ரோமன் தொலைநோக்கியைக் கட்டி முடிக்க வேண்டும், சிறிய திட்டங்களுக்குத் தர வேண்டும், ஆய்வாளர்களுக்கான நல்கைகளையும், அதாவது ஆய்வு நிதியுதவிகளையும், தர வேண்டும்.

தொகை சுருங்கும்போது நிர்வாகி ஒருவர் எதில் கை வைப்பார்? கட்டுமானத்தில் இருக்கும் தொலைநோக்கியின் நிதியைத் தாமதப்படுத்தினால், ஒப்பந்தக்காரர்களும் பொறியாளர்களும் கூடுதல் மாதங்களுக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருப்பார்கள். மொத்தச் செலவு ஏறும். ஆனால் இயக்கச் செலவையும் ஆய்வு நல்கையையும் குறைத்தால் அந்த ஆண்டிலேயே மிச்சம் கண்ணுக்குத் தெரியும், இழப்போ சில ஆண்டுகள் கழித்தே தெரியும். நிதி நெருக்கடியில் வெட்டு விழுவது பயன் குறைந்த இடத்தில் அன்று. வெட்டுவதற்கு எளிதான இடத்தில். வானியலாளர்களின் கவலையில் தனியாகக் கவனிக்க வேண்டியது எது என்று கேட்டீர்கள் அல்லவா, என் பார்வையில் அது இதுதான்.

முன்னுரிமை என்ற சொல்லுக்கு முழுப் பொருளும் தெரிவது அதிபரின் முன்மொழிவில்தான். 2025 இல் வந்த, 2026 நிதியாண்டுக்கான முன்மொழிவைப் பாருங்கள். நாசாவின் மொத்த ஒதுக்கீட்டை ஏறத்தாழ 2,480 கோடி டாலரிலிருந்து 1,880 கோடியாகவும், அறிவியலை 733 கோடியிலிருந்து 390 கோடியாகவும் குறைக்க அது முனைந்தது. வானியற்பியலுக்கு மிஞ்சியது 52.3 கோடி, அதாவது முன்பிருந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. புளூட்டோவைக் கடந்து சென்ற நியூ ஹொரைசன்ஸ், வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட திட்டங்களை முடித்துவிடச் சொன்னது. அதே ஆவணத்தில், நிலவுக்கும் செவ்வாய்க்கும் மனிதரை அனுப்பும் பணிகளுக்கான தொகை மட்டும் உயர்த்தப்பட்டிருந்தது. பணம் ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் பாய்வதில்லை என்று மேலே சொன்னேன். ஆனால் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்ற தெரிவு அங்கே ஒளிவுமறைவின்றி இருந்தது.

மறுமொழி 2: நெய்தல்நிலவன்

முந்தைய மறுமொழியோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் மனிதப் பயணத்தின் செலவு அறிவியலைத் தொடுவதே இல்லை என்ற எண்ணம் யாருக்கும் ஏற்பட்டுவிடக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன் அது நேராகவே நடந்தது.

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏழு வீரர்களுடன் சிதைந்தது. 2004 ஜனவரி 14 அன்று அதிபர் புஷ், மனிதரை மீண்டும் நிலவுக்கும் பின்னர் செவ்வாய்க்கும் அனுப்பும் திட்டத்தை அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, ஹபிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கும் இறுதிப் பயணம் கைவிடப்படுவதாக நாசாவின் அப்போதைய தலைவர் ஷான் ஓ'கீஃப் தெரிவித்தார். வீரர்களின் பாதுகாப்பே காரணம் என்று அவர் சொன்னதை நான் ஐயுறவில்லை. ஆனால் இரண்டு அறிவிப்புகளும் அடுத்தடுத்து வந்ததால், புதிய கனவுக்காகப் பழைய தொலைநோக்கி பலியிடப்படுகிறது என்றே வானியலாளர்கள் பலரும் எடுத்துக்கொண்டனர்.

அடுத்து 2005 இல் தலைவரான மைக்கேல் கிரிஃபின், அறிவியலுக்கான பணத்திலிருந்து ஒரு காசுகூட மனிதப் பயணத்துக்கு எடுக்கப்படாது என்று உறுதி கூறினார். ஐந்து மாதங்கள்கூடத் தாங்கவில்லை அந்த உறுதி. விண்வெளி நிலையத்தைக் கட்டி முடிக்க வேண்டிய விண்ணோடப் பயணங்களின் கணக்கில் 300 முதல் 500 கோடி டாலர் வரை துண்டு விழுந்திருப்பது தெரியவந்ததால், 2006 பிப்ரவரியில் வெளியான முன்மொழிவு, அடுத்த ஐந்து ஆண்டுகளில் அறிவியலுக்குத் திட்டமிடப்பட்டிருந்த தொகையிலிருந்து ஏறத்தாழ 310 கோடி டாலரைக் குறைத்தது. தான் சொன்ன சொல்லைக் காக்க முடியவில்லை என்பதைக் காங்கிரஸ் குழுவின் முன் கிரிஃபினே ஒப்புக்கொண்டார். அவர் திறமையான பொறியாளர், நேர்மையாகவே பேசினார் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு நிறுவனத் தலைவர் தரும் உறுதிமொழி, அவர் கையில் இல்லாத நிதிக்கு எவ்வளவு தூரம் காவல் நிற்க முடியும்?

அந்த ஓர் ஆண்டில் நடந்தவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. வேற்று விண்மீன்களைச் சுற்றும் பூமி போன்ற கோள்களைத் தேடும் தொலைநோக்கித் திட்டம் காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது. அது திரும்பி வரவே இல்லை. விமானத்தில் பொருத்தப்பட்ட சோஃபியா தொலைநோக்கிக்கு ஒதுக்கீடு பூச்சியமாக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டது. சிறுகோள் பகுதிக்குச் செல்லவிருந்த டான் விண்கலம் 2006 மார்ச் 2 அன்று கைவிடப்பட்டு, மேல்முறையீட்டின் பின் மார்ச் 27 அன்று உயிர்பெற்றது. அது பின்னாளில் வெஸ்டாவையும் சீரிஸையும் அடுத்தடுத்துச் சுற்றிவந்து, பூமிக்கு அப்பால் இரண்டு வான்பொருள்களைச் சுற்றிய முதல் கலமாயிற்று. உயர் ஆற்றல் எக்ஸ்-கதிர்களைக் காணும் நூஸ்டார் கைவிடப்பட்டு, 2007 இல் மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, 2012 ஜூனில் ஏவப்பட்டது. ஹபிளின் பழுதுபார்ப்பைக் கிரிஃபினே 2006 அக்டோபரில் மீட்டார். 2009 மே மாதம் அட்லான்டிஸில் சென்ற வீரர்கள் பொருத்திய, பழுதுபார்த்த கருவிகளைக் கொண்டுதான் ஹபிள் இன்றும் படம் எடுக்கிறது.

இந்தப் பட்டியலில் என்னை உறுத்துவது, பெரிய தொலைநோக்கிகளுக்கு நேர்ந்தது அன்று. அதே முன்மொழிவில் ஆய்வு நல்கைகள் 15 சதவீதம் குறைக்கப்பட்டன. ஹபிளுக்காகப் பொதுமக்கள் கடிதம் எழுதினார்கள், நாளேடுகள் தலையங்கம் தீட்டின. நல்கை கிடைக்காமல் துறையை விட்டுப் போன முனைவர் பட்ட மாணவருக்காக யார் கடிதம் எழுதுவார்?

மறுமொழி 3: செங்கதிர்

நண்பர்கள் இருவரும் சொன்னவை உண்மை. ஆயினும் இந்தக் கதையில் வானியலாளர்கள் வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் வருவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

வானியலாளர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூடி, அடுத்த பத்தாண்டில் எதைக் கட்டலாம் என்று வரிசைப்படுத்தி அறிக்கை தருகிறார்கள். நாசாவும் காங்கிரஸும் பெரும்பாலும் அந்த வரிசையையே பின்பற்றுகின்றன. அதாவது, வானியற்பியலுக்குள் முன்னுரிமையை வகுப்பவர்கள் அவர்களே. ஜேம்ஸ் வெப் அப்படி முதலிடம் பெற்றதுதான். அதன் தொடக்க மதிப்பீடு எவ்வளவு நம்பத்தகாததாக இருந்தது என்பதை எல்லாரும் அறிவர். 2010 இல் தனிக்குழு ஒன்று ஆராய்ந்து, மிக விரைவாகச் செய்தாலும் 2015 செப்டம்பருக்கு முன் ஏவ முடியாது, செலவு 650 கோடியாகும் என்றது. 2011 ஜூலையில் பிரதிநிதிகள் அவைக் குழு அதைக் கைவிடவே முன்மொழிந்தது. பின் 800 கோடி உச்சவரம்போடு 2018 என்று புதுக் கணக்குப் போடப்பட்டது; இறுதியில் அது ஏவப்பட்டது 2021 டிசம்பர் 25 அன்று, மொத்தச் செலவு ஏறத்தாழ 1,000 கோடி. அந்தப் பத்தாண்டில் வேறு பெரிய வானியல் திட்டங்களைத் தொடங்குவது தள்ளிப்போனதற்கு ஆர்ட்டெமிஸைக் குற்றம் சொல்ல முடியுமா? ஈர்ப்பலைகளை விண்ணிலிருந்து அளக்கும் லிசா திட்டத்தின் சமபங்குக் கூட்டிலிருந்து நாசா 2011 இல் விலகியது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அதைத் தானே சுமந்து, 2024 ஜனவரியில் முறையாக ஏற்றுக்கொண்டு, 2035 ஐ இலக்காக வைத்திருக்கிறது.

வானியலுக்கு வெளியேயும் இதே கதைதான். செவ்வாயின் மண்ணையும் பாறையையும் கொண்டுவரும் திட்டத்துக்கு 800 முதல் 1,100 கோடி டாலர் வரை ஆகும் என்று 2023 செப்டம்பரில் தனிக்குழு சொன்னது. மாதிரிகள் 2040 க்குத்தான் வரும் என்று நாசாவே பின்னர் கணித்தது. அந்தக் குழப்பத்தில் 2024 பிப்ரவரியில், அத்திட்டத்தை நடத்திவந்த ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஏறத்தாழ 530 பேர் வேலை இழந்தார்கள். அறிவியலை அறிவியலே விழுங்கிய இடம் அது.

அதற்காக அவர்களுக்கு ஒழுங்கே தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். சோஃபியாவின் இயக்கத்துக்கு ஆண்டுக்கு 8.5 கோடி டாலர் ஆனது, சந்திராவுக்கு ஆவதைவிட அதிகம். அந்தச் செலவுக்கேற்ற அறிவியல் கிடைக்கவில்லை என்று 2021 இல் வெளியான பத்தாண்டு அறிக்கையே வெளிப்படையாகச் சொல்லி, அதை நிறுத்தப் பரிந்துரைத்தது. 2022 செப்டம்பரில் அது இறுதியாகப் பறந்தது. ரோமன் தொலைநோக்கியையும் சொல்ல வேண்டும். அதைக் கைவிடுமாறு அடுத்தடுத்து மூன்று முன்மொழிவுகள் வந்தன. மூன்று முறையும் காங்கிரஸ் மறுத்தது. அப்படியும் அது உறுதியளிக்கப்பட்ட செலவுக்குள், குறித்த நாளுக்கு முன்பாகவே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது. 2021 இன் பத்தாண்டு அறிக்கை அடுத்த பெருந்தொலைநோக்கியாகப் பரிந்துரைத்திருக்கும், உயிர்வாழத் தகுந்த கோள்களைத் தேடும் ஆய்வகத்துக்குத் தொடக்க மதிப்பீடே 1,100 கோடி. அது ரோமனின் வழியில் போகுமா, வெப்பின் வழியில் போகுமா என்பதைப் பற்றி வானியலாளர்கள் ஆர்ட்டெமிஸைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்காவது கவலைப்பட வேண்டும்.

மறுமொழி 4: ஏட்டுக்கணக்கு

செங்கதிர் அவர்கள் சொன்ன தரவுகளில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு. செலவு மீறிய திட்டங்கள் தண்டிக்கப்பட்டிருந்தால் அதை நியாயம் என்று ஏற்கலாம். ஆனால் வெப்பின் கூடுதல் செலவை வெப்பா சுமந்தது? அறிவியல் பிரிவின் மற்றத் திட்டங்களும் நாசாவின் பொதுச் செலவுகளும் பகிர்ந்து சுமந்தன. சந்திரா தன் இயக்கத்தில் எந்த உறுதியையும் மீறவில்லை. மீறியவற்றின் சுமையும் உச்சவரம்பின் சுமையும் அதன் தலையில் இறங்கின. பெரிய திட்டம் ஒன்று இடறினால், அருகில் இருக்கும் சிறியவை விழுகின்றன, பெரியது எழுந்துவிடுகிறது. வானியலாளர்கள் திருத்திக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கலாம். அதற்கும் இந்த 52 லட்சத்துக்கும் தொடர்பில்லை.

கேள்வியாளர்: கரிசல்காட்டான்

அனைவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. பணம் இல்லாத ஆண்டுகளில் சந்திராவை உறங்க வைத்துவிட்டு, நிதி திரும்பியதும் எழுப்பிக்கொள்ள இயலாதா? தொழிற்சாலைகளில் இயந்திரங்களை அப்படி மூடி வைப்பதுண்டு. மேலும் நாசா தன் முன்மொழிவில், தொலைநோக்கி பழுதடைந்து வருவதால் இயக்கச் செலவு கூடுகிறது என்று காரணம் காட்டியிருந்தது. அது எவ்வளவு சரி?

மறுமொழி 5: ஊடுகதிராள்

நான் விண்மீன் திரள்கூட்டங்களின் சூடான வாயுவைப் பற்றி ஆய்வு செய்பவள். சந்திராவின் தரவுகளே என் வேலைக்கு அடிப்படை. ஆகவே என்னை நடுநிலையாளராக எண்ண வேண்டாம்.

பழுது பற்றி முதலில். சந்திராவின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் வெப்பக்காப்புப் படலம் ஆண்டுகள் செல்லச் செல்ல நலிந்து, சூரிய வெப்பத்தை முன்னைவிட அதிகமாக உள்வாங்குகிறது. அதனால் ஒரே திசையில் நெடுநேரம் நோக்கினால் கலத்தின் ஏதேனும் ஒரு பகுதி வரம்புக்கு மேல் சூடாகிவிடும். நீண்ட நோக்கீடுகளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு திசையில் சூடாகும் பகுதி அடுத்த திசையில் குளிரும்படி வரிசையமைக்க வேண்டியிருக்கிறது. இது கடினமான வேலைதான்; ஆனால் இதைச் செய்யும் முறைகள் பல ஆண்டுகளாகவே வகுக்கப்பட்டு நடைமுறையில் உள்ளன, அதற்காகச் செலவு ஏறிக்கொண்டே போகவில்லை என்பதே சந்திரா மையத்தின் விளக்கம். ஆடிகள் பழுதடையவில்லை. ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்கு, அதிலும் பாதி. அந்த அளவு நுணுக்கத்தில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் திறன் 1999 இல் இருந்தது, இன்றும் அதனிடம் மட்டுமே இருக்கிறது. குறைந்த நிதியில் இயக்க வழியுண்டா என்று ஆராய நாசாவே 2024 இல் ஒரு குழுவை அமர்த்தியது. முன்மொழியப்பட்ட தொகைக்குள் சந்திராவைத் தொடர்ந்து இயக்க எந்த வழியும் இல்லை என்பதே அக்குழு கண்ட முடிவு.

இனி உறக்கம் பற்றி. சந்திரா நீள்வட்டப் பாதையில், இரண்டரை நாளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றுகிறது. தொலைவில் இருக்கும்போது நிலவின் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அது பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடந்தாக வேண்டும். ஏவப்பட்ட தொடக்க வாரங்களில் அப்படிக் கடந்தபோது ஆடிகளின் வழியே புகுந்த தாழாற்றல் புரோட்டான்கள் படக்கருவியின் சில உணரிகளைச் சேதப்படுத்தின. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கருவியைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைத்துவிட்டே பட்டையைக் கடக்கிறார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று முறை கலத்தோடு தொடர்பு கொள்கிறார்கள். சூரியன் படும் கோணத்தை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தற்காப்பு நிலை என்று ஒன்று உண்டு, அது கோளாறு ஏற்படும்போது சில நாள்களைக் கடத்துவதற்கானது. கேட்பாரின்றி ஆண்டுக்கணக்கில் கிடப்பதற்கன்று. தாழ்ந்த பாதையில் சுற்றும் ஹபிளுக்கு வீரர்கள் போய்ப் பழுதுபார்த்தார்கள். சந்திரா இருக்கும் பாதைக்கு விண்ணோடம் எக்காலத்திலும் போயிருக்க முடியாது.

இயந்திரத்தையாவது உறங்க வைக்க வழி காணலாம் என்றே வைத்துக்கொள்வோம். மனிதரை? எந்தப் பகுதி எந்தக் கோணத்தில் எவ்வளவு நேரத்தில் சூடாகும் என்பதை இருபது ஆண்டு பழக்கத்தில் அறிந்தவர்கள் இயக்கக் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு கொடுத்தால், அடுத்த மாதமே வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். மூன்று ஆண்டு கழித்துக் காங்கிரஸ் பணம் தந்தாலும் அவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

இழப்பு என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 2023 நவம்பரில், யுஎச்இசட்1 என்னும் மிகத் தொலைவான விண்மீன் திரளின் நடுவில் வளர்ந்துகொண்டிருக்கும் கருந்துளையைக் கண்டறிந்ததாக ஒரு குழு அறிவித்தது. அங்கிருந்து வரும் ஒளி பெருவெடிப்புக்குப் பின் 50 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில் புறப்பட்டது. திரளைக் கண்டது வெப்; அதன் நடுவில் கருந்துளை இருப்பதை எக்ஸ்-கதிர்களால் காட்டியது சந்திரா. முதல் கருந்துளைகள் விண்மீன்கள் மடிந்து உண்டானவையா, அல்லது பெரும் வாயுமேகங்களே நேராகச் சரிந்து உண்டானவையா என்பது நெடுநாள் கேள்வி. வாயுமேகங்கள் சரிந்தே உண்டாகியிருக்கலாம் என்ற கோட்பாட்டைப் பல ஆண்டுகளாக வளர்த்து வந்தவர்களில் ஒருவரான, கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜனும் அக்குழுவில் இருந்தார். கிடைத்த அளவீடுகள் அந்தக் கோட்பாட்டோடு நன்றாகப் பொருந்துகின்றன. ஆனால் இது ஒரு திரள்தான். இன்னும் பல வேண்டும். 1,000 கோடி டாலரில் கட்டிய வெப் இருபது ஆண்டுகள் இயங்க எரிபொருள் வைத்திருக்கிறது. அதற்குத் துணைநிற்கும் எக்ஸ்-கதிர்க் கண்ணை, அதன் செலவோடு ஒப்பிட்டால் ஒரு சிறு தொகைக்காக, வெப் உச்சத்தில் இருக்கும்போதே மூடுவது எனக்கு விளங்கவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஈர்ப்பலை வந்தபோதும் இதே நிலைதான்: ஒன்பது நாள் கழித்து அங்கே எக்ஸ்-கதிர் மெல்லத் துலங்கியதைச் சந்திராதான் முதலில் கண்டது.

மாற்று இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஐரோப்பியர்களின் நியூஅதீனா 2030 களின் பிற்பகுதியில்தான் வரும். அதன் ஒளிசேகரிப்புத் திறன் பெரிது, படத்தின் நுணுக்கம் சந்திராவுக்கு அருகில் வராது. 2024 அக்டோபரில் நாசா, 100 கோடி டாலர் வரம்புக்குள் 2032 இல் ஏவக்கூடிய திட்டங்களாக இரண்டைத் தேர்ந்து, விரிவான வரைவுக்குத் தலா 50 லட்சம் டாலர் தந்தது. ஒன்று ஆக்சிஸ் என்னும் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி, மற்றொன்று பிரைமா என்னும் அகச்சிவப்புத் தொலைநோக்கி. இரண்டில் ஒன்றுக்கே இடம். ஆக்சிஸ் தேர்வானாலும்கூட, சந்திரா இப்போதே நின்றிருந்தால் இடையில் ஆறேழு ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்திருக்கும். சந்திராவின் நோக்கீட்டு நல்கைகளில் பயிற்சி பெறும் மாணவர்கள் இல்லாமல், புதிய தொலைநோக்கியின் தரவைப் படிக்க ஆள் எங்கிருந்து வருவார்கள்?

நிகழ்ந்தது வரை சொல்லிவிடுகிறேன். 2025 க்கு முன்மொழியப்பட்ட வெட்டு அப்படியே நடைமுறைக்கு வரவில்லை, சந்திரா இயங்குகிறது. 2026 க்கான பெரும் வெட்டையும் காங்கிரஸ் ஏற்கவில்லை. நாசாவின் முன்னாள் அறிவியல் தலைவர்கள் சேர்ந்து கடிதம் எழுதினார்கள், இரு கட்சி உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். 2026 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் அறிவியலுக்கு ஏறத்தாழ 725 கோடி டாலரை ஒதுக்கியது. செவ்வாய் மாதிரித் திட்டத்தை மட்டும் இருந்த வடிவில் ஆதரிக்க மறுத்தது. இதைக் கேட்டு நண்பர்கள் மகிழலாம். ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 2025 இல், நாசாவின் ஊழியர்களில் ஏறத்தாழ 4,000 பேர் தாமாக விலகும் ஏற்பாட்டின் கீழ் வெளியேற ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒதுக்கீடு திரும்பிவிட்டது. அதைச் செலவிட்டுப் பணியாற்ற வேண்டியவர்களில் பலர் இப்போது அங்கே இல்லை.